அடுத்த பிணம் வரும்வரை

லிலியாஸ் கண் விழித்தபோது அவளுடைய இரவு அங்கியின் கீழ்க்கரை நனைந்திருந்தது.

தண்ணீர்க் குவளை கவிழ்ந்த ஈரமல்ல. முழங்கால் வரை ஏறிய ஈரம், பிழிந்தால் சொட்டுகிற ஈரம். அதில் நசுங்கிய புல்லின் வாசமும், மழைக்குப் பின் வெட்டிய களிமண்ணின் வாசமும், பெயர் சொல்ல முடியாத ஒரு புளித்த வாசமும் கலந்திருந்தன. கூரையைப் பார்த்தாள், ஒழுகவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், கட்டைவிரல் பருமனில் நாலு இரும்புக் கம்பிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கதவை இழுத்துப் பார்த்தாள், வெளியே தாழ்ப்பாள், அதற்கு மேல் பூட்டு. படுக்கையிலிருந்து கதவு வரை தரைப் பலகை காய்ந்து கிடந்தது. யாரும் போன தடமில்லை, வந்த தடமும் இல்லை.

காலைத் தூக்கிப் பார்த்தாள். விரல் இடுக்கில் மண்.

அவள் செத்து அன்றோடு பன்னிரண்டு நாள்.

ஊரைக் கேட்டால் அப்படித்தான் சொல்லும். அவள் கணவன் கில்லார்டன் பிரபு லண்டனில் மந்திரி. மந்திரி ஆவதற்கு முன்னால் எடின்பரோவில் பத்தொன்பது வருஷம் அவளோடு குடும்பம் நடத்தினான். சபையில் அவன் பேசிய பேச்சில் பாதி, முந்தின ராத்திரி அவள் சொல்லிக் கொடுத்தது. எந்த எதிரியை விருந்துக்குக் கூப்பிட வேண்டும், எந்த நண்பனை வாசலோடு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவள் கணக்கு. ஏணி ஏறியவனுக்கு மேலே போனதும் ஏணி பாரமாகிவிட்டது. லண்டனில் ஓர் இங்கிலீஷ் கோமகனுக்குக் கல்யாண வயதில் மகள் இருந்தாள். விவாகரத்து என்றால் ஊர் சிரிக்கும். கொலை என்றால் நரகம். பிரபுவுக்கு நரகத்தின் மேல் பயம் உண்டு, பொய்யின் மேல் கிடையாது.

"கடற்காத்து உனக்கு நல்லது" என்று சொல்லி ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருந்த ஆர்ட்ஸ்கெர்ரா கோபுர வீட்டுக்கு அனுப்பி வைத்தான். அவள் வந்த மூன்றாம் நாள் மணிக்காரன் கைமணியை ஆட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து, காய்ச்சலில் சீமாட்டி காலமானதாகக் கூவினான். மறுநாள் தன் சவ ஊர்வலத்தை அவளே மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வீட்டுக்கு நேர் கீழேதான் கல்லறைத் தோட்டம். கறுப்பு வெல்வெட் போர்த்திய பெட்டியை எட்டுப் பேர் மூச்சு வாங்கத் தூக்கிப் போனார்கள். உள்ளே முழுக்கக் கல். காரியஸ்தன் டூகல் கல்லை அளவுக்கு மேல் போட்டிருந்தான். ஒரு சீமாட்டி எவ்வளவு கனம் இருப்பாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தொண்டை கிழியக் கத்தினாள். கடற்காற்று எதிர்ப்புறம் அடித்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூட்டுத் திறந்தது. டூகல் வெளியே நிற்க, வேலைக்காரி மார்சலி ஓட்ஸ் கஞ்சியோடு உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். அந்த ஊர்க்காரி. அந்த வீட்டில் லிலியாஸிடம் ஒரு மனுஷியிடம் பேசுவதுபோலப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

"மார்சலி, ராத்திரி யாராவது இந்தக் கதவத் திறந்தாங்களா?"

"சாவிதான் அந்த ஆளு இடுப்புல கெடக்கே தாயி."

"அப்ப இது என்ன?" லிலியாஸ் அங்கியின் கரையைத் தூக்கிக் காட்டினாள்.

மார்சலி பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. அதுதான் லிலியாஸை முதலில் சுருக்கென்று குத்தியது.

"வந்துட்டீங்களா" என்றாள் மெதுவாக. "வரமாட்டீங்களோன்னு ஊரே பேசிட்டு இருந்துச்சு."

"எங்க வந்தேன்? என்ன உளர்ற?"

மார்சலி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கஞ்சியைக் கலக்குகிறவள் போலக் குனிந்தாள். "எங்க ஊருல கடைசியா புதைஞ்சவங்க சும்மா படுத்துக்க முடியாது. வாசல்ல நின்னு காவல் காக்கணும். அடுத்த பொணம் வர்ற வரைக்கும். ஃபர்க்கர் இருக்காருல்ல, மேட்டு வீட்டுக்காரரு, அவரு சம்சாரம் பிப்ரவரியிலேருந்து நின்னுச்சு. பனி, மழை எல்லாத்துலயும். ஒங்க பெட்டி வந்துதான் அதுக்கு ஓய்வு."

"பெட்டியில கல்லுடி! உனக்கே தெரியும்."

"தெரியும். கல்லு காவல் காக்குமா? அதான் அந்தக் காவல் பேருக்கு உடையவங்களக் கூப்பிடுது. மணிக்காரன் மூணு முக்குலயும் நின்னு கூவுனான், லிலியாஸ் ஸ்ட்ராகன் போயிட்டாங்கன்னு. ஒங்கப்பா வச்ச பேரு. அந்தப் பேருல வேற யாரு இருக்கா சொல்லுங்க?"

ஸ்காட்லாந்தில் கட்டியவன் பட்டத்தைக் கொடுப்பான், பெயரைக் கொடுக்கமாட்டான். பெண் தகப்பன் பெயரோடுதான் பெட்டிக்குள் போவாள். கில்லார்டன் சீமாட்டி என்று மட்டும் கூவியிருந்தால் அது இன்னொருத்திக்கும் பொருந்தியிருக்கும். லண்டனில் ஒருத்தி அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று டூகல் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் எடின்பரோக்காரன். வடக்கத்தி வழக்கம் எதுவும் அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் மதிக்கமாட்டான்.

லிலியாஸ் சிரித்தாள். அவளும் எடின்பரோக்காரிதானே. ஆனால் மார்சலி போன பிறகு விரல் இடுக்கில் இருந்த மண்ணை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நகத்துக்கடியில் போனது வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நடுப்பகலில் கடல்மூட்டம் ஏறியது. முதலில் தொலைவில் இருந்த பாறைகள் போயின, பிறகு கரையில் கவிழ்த்து வைத்த படகுகள், பிறகு மேட்டு வீட்டின் புகைபோக்கி. ஒவ்வொன்றையும் யாரோ ஈரத் துணியால் துடைத்து எடுத்ததுபோல வெண்மை ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து ஆட்டுக்குட்டியின் கத்தலும், அலை பின்வாங்கும்போது கூழாங்கற்கள் உருளும் சத்தமும், மேட்டு வீட்டில் கிழவன் ஃபர்க்கர் நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு இருமும் சத்தமும் பக்கத்து அறையில் நடப்பவை போலத் தெளிவாகக் கேட்டன. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் காதில் கேட்டதுபோல் இல்லை. கையில் அதிர்ந்தது.

குனிந்து பார்த்தாள். அவள் கை இரும்புக் கதவின் மேல் இருந்தது.

வெறுங்காலுக்கடியில் புல். முகத்தில் மூட்டத்தின் துளி. அண்ணாந்து பார்த்தாள். மேலே மூட்டம் கொஞ்சம் விலகிய இடத்தில் கோபுர வீட்டின் சுவர், அதில் நாலு கம்பி போட்ட ஜன்னல், கம்பிக்குப் பின்னால் ஒரு நாற்காலியின் முதுகு. காலி நாற்காலி.

பாதையில் ஒருவன் கூடையில் அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளைச் சுமந்துகொண்டு வந்தான். அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கதவருகே வந்ததும் அவன் கண்ணைத் தரையில் நட்டான், தொப்பியைக் கழற்றினான். "காவலுக்குக் கும்புடறேன்" என்று முணுமுணுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

மறுகணம் அவள் நாற்காலியில் இருந்தாள். உள்ளங்கையில் குறுக்கே துருக்கறை.

அன்று மாலை டூகல் மார்சலியோடு வந்தபோது லிலியாஸ் அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"அந்தப் பெட்டிய வெளிய எடு டூகல். எனக்கு விடுதலை வேண்டாம். சாகுற வரைக்கும் இங்கயே கெடக்குறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பெட்டிய மட்டும் தோண்டி எடு."

"எதுக்காம் மகாராணிக்கு? கல்லுக்கு மூச்சு முட்டுதா?"

"அது என் பேருல கெடக்கு."

"பேரு இருந்தா இருந்துட்டுப் போகுது. அடுத்த மாசம் லண்டன்ல பிரபுவுக்குக் கல்யாணம். இப்பப் போயிக் குழியத் தோண்டுனா ஊரு என்னக் கேக்கும்? என் கழுத்து ஒண்ணுதான் இருக்கு." அவன் மார்சலியைத் திரும்பிப் பார்த்தான். "இவதான ஓதி விட்டது? இந்த ஊர்க்காரங்களுக்குப் பேயி இல்லாட்டிச் சோறு எறங்காது."

"ஒங்களுக்குப் பொய்யி இல்லாட்டி எறங்காது" என்றாள் மார்சலி.

டூகல் சிரித்தான். பூட்டுகிறபோதும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அதன் பிறகு தினமும் நடந்தது. முதலில் ஒரு கணம், பிறகு அரை மணி, பிறகு ஒரு மதியம் முழுக்க. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், அங்கியின் நாடாவை நாற்காலியோடு முடிந்து பார்த்தாள், ஜெபம் சொல்லிப் பார்த்தாள். ஜெபத்தின் நடுவில் வாக்கியம் அறுந்து, மிச்சத்தைக் கல்லறை வாசலில் நின்று முடிப்பாள். கஞ்சியில் ஆவி பறந்தது, நாக்குக்குச் சூடு தெரியவில்லை. கணப்பில் கையை நீட்டினாள், மயிர் பொசுங்கும் வாசம் வந்தது, சூடு வரவில்லை.

"மார்சலி, அடுத்த பொணம் வந்தா எனக்கு விடுதலைதானே?"

மார்சலி கிண்ணத்தைத் துடைத்தாள். துடைத்த கிண்ணத்தையே மறுபடியும் துடைத்தாள். "ஆமா தாயி. அவங்க காவலுக்கு வந்துருவாங்க. நீங்க நிக்க வேண்டாம்."

"ஃபர்க்கருக்கு எப்படி இருக்கு?"

"நெஞ்சு நெறயச் சளி. இழுத்துட்டு இருக்கு."

ஒரு காலத்தில் எடின்பரோவில் ஏழைப் பிணியாளிகளுக்கு ரொட்டியும் ஒயினும் அனுப்பியவள் அவள். அவளே இப்போது தினமும் முட்டி போட்டு, முகம் தெரியாத ஒரு கிழவன் சாக வேண்டும் என்று கேட்டாள். முதலில் சுற்றி வளைத்துக் கேட்டாள்: அவர் துன்பம் தீரட்டும். பிறகு வளைவு போயிற்று. சீக்கிரம். இன்றைக்கு. அவன் இருமல் கேட்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த இருமல் வராமல் போகாதா என்று காத்திருப்பாள். வந்துவிடும். வரும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள். ஒருநாள் கிழவன் எழுந்து உட்கார்ந்து மீன் கேட்டான் என்று மார்சலி சொன்னபோது, கிண்ணத்தைச் சுவரில் வீசி எறிந்தாள்.

"யாராச்சும் பிழைச்சா இப்படியா?" என்றாள் மார்சலி.

"நான் உயிரோட இருக்கேன் மார்சலி. நான் உயிரோட இருக்கேன். என்னை எதுக்கு நிக்க வைக்கணும்?"

மார்சலி உடைந்த ஓடுகளைப் பொறுக்கினாள். 

ஜூன் மாதம் முதல் வாரத்தில் இருமல் நின்றது.

ஒரு காலை, ஒரு பகல், ஒரு மாலை. இருமல் இல்லை. சாவு வீட்டு வழக்கப்படி மேட்டு வீட்டில் கடிகாரத்தை நிறுத்தினார்கள், கண்ணாடிக்குத் துணி போட்டார்கள், ஜன்னலை அகலத் திறந்து வைத்தார்கள். திறந்த ஜன்னலைப் பார்த்த மாத்திரத்தில் லிலியாஸ் தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். மணிக்காரன் தெருவில் போனான். ஃபர்க்கர் மெக்கென்ஸி, ஃபர்க்கர் மெக்கென்ஸி. அதைவிட இனிமையான பெயரை அவள் கேட்டதில்லை. மூன்றாம் நாள் அடக்கம் என்றான். இரண்டு இரவையும் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தாள். பிரபுவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் எழுதினாள். எப்படியும் ஒருநாள் வெளியே போவேன், சபையின் நடுவில் போய் நிற்பேன், என் முகத்தைப் பார்த்து நான் செத்தவள் என்று சொல் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் காலை மார்சலி கஞ்சி கொண்டுவரவில்லை. ஒரு வாளி வெந்நீரும், மடித்த வெள்ளைத் துணியும், மரச் சீப்பும், ஒரு தட்டில் உப்பும் கொண்டுவந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உக்காருங்க தாயி. தலை வாரி விடறேன்."

"எதுக்கு?"

"அழுக்கா போகக் கூடாது."

"எங்க போறேன்?"

மார்சலி துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் துடைத்தாள். பெற்றவள் பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்தாள்.

"மார்சலி. எங்க?"

"காவல் முடிஞ்சவங்க வேற எங்க போவாங்க? போயிப் படுத்துக்குவாங்க."

லிலியாஸ் மார்சலியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுதலைன்னு சொன்ன."

"விடுதலைதான தாயி. நிக்கறதுக்கு அதுதான விடுதலை. நீங்க அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க, எனக்குச் சொல்ல வாய் வரல."

லிலியாஸ் காலை இழுத்துக்கொண்டாள். வாளி உருண்டது. "புதைக்க வேண்டாம்னு சொல்லு! அவனைக் கடல்ல போடச் சொல்லு! நாளைக்கு, நாளைக்குப் புதைக்கட்டும்!"

"சம்சாரத்துக்குப் பக்கத்துல படுக்கணும்னு கேட்டவரு. இதோ கெளம்பிட்டாங்க."

"கதவைத் திறக்கச் சொல்லு. மார்சலி, என்னை வெளிய விடு. ஓடிப் போயிடறேன். உன் காலப் பிடிக்கறேன்டி."

"வெளிய போறதுக்கு ஒங்களுக்குக் கதவு எதுக்கு தாயி?" என்றாள் மார்சலி. அந்த ஊரில் பிணத்தருகே வைக்கிற உப்புத் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவள் நெற்றியில் முத்தமிட்டாள். அந்த உதடு லிலியாஸுக்குச் சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை.

பூட்டு விழுந்தது.

நல்ல வெயில். ஒரு துளி மூட்டமில்லை. மேட்டிலிருந்து ஊர்வலம் இறங்கியது. ஆறு பேர் தோளில் பெட்டி, முன்னால் மணி. பெட்டி லேசானது, கிழவன் வற்றிப்போய்ச் செத்தவன், அவர்கள் சுலபமாக நடந்தார்கள். லிலியாஸ் கம்பிக்கிடையில் முகத்தைத் திணித்துக் கத்தினாள். நிறுத்துங்கள். புதைக்காதீர்கள். நான் உயிரோடு இருக்கிறேன். இந்தத் தடவை காற்று இல்லை. இந்தத் தடவை அவர்களுக்குக் கேட்டது. அவள் பார்த்தாள், மணிக்காரனின் கை ஒரு கணம் தடுமாறியது. ஆறு பேரும் ஒன்றாகக் கண்ணைத் தரையில் நட்டார்கள். ஆறு தொப்பிகளும் ஒன்றாகக் கழன்றன. நடை வேகமானது.

பாதிரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தத் திருச்சபையில் குழிக்கு ஜெபம் கிடையாது. கயிறு. பெட்டி. மண். மண்வெட்டி நாலு, கை மாற்றிக் கை மாற்றி. அவ்வளவுதான் ஒரு மனிதனுக்கு. பிறகு விஸ்கி ஜாடியை எடுத்தார்கள், ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் சுற்றி வந்தன. டூகலும் அங்கே இருந்தான், கோப்பை அவன் கையில்தான் அதிகம் நின்றது. இரண்டாம் சுற்றில் யாரோ சிரித்தார்கள்.

கல்லறை வாசலில் ஒரு கிழவன் நின்றான்.

அவன் வந்ததை அவள் பார்க்கவில்லை. புது வெள்ளைத் துணி. தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிந்த கட்டு. அவனுக்குப் பக்கத்தில் நின்று குடித்தவர்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான். வயதில் பெரியவர்கள் சீமாட்டிகளுக்குத் தலை வணங்குவதுபோல, மெதுவாக வணங்கினான். கட்டிய தாடை அசையவில்லை. குரல் அவள் காதோடு வந்தது. நல்ல குரல். மரியாதையான குரல்.

"ரொம்ப நாளு நின்னுட்டீங்க தாயி. நேரமாச்சு. போயிப் படுங்க, நான் பாத்துக்கறேன்."

"மாட்டேன்" என்றாள்.

கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். நெற்றியை இரும்பில் முட்டினாள். விடமாட்டேன். இரும்பு இருந்தது. கை இருந்தது. பிடி இல்லை.

புல்.

கிழவனைக் கடந்து போனாள். அவன் வழிவிட்டு ஒதுங்கினான். குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே போனாள். டூகலின் தோள் அவள் தோளில் இடித்தது. அவன் சிலிர்த்துக்கொண்டு, "குளிருது இல்ல?" என்றான். "ஊத்து, ஊத்து" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

காலை ஊன்றினாள். ஊன்ற முடியவில்லை. கால் தெரிந்த வழியில் போனது.

பிறகு வெயில் இல்லை.

தேவதாரு மரத்தின் பிசின் வாசம். முகத்துக்கு மேல் நாலு விரல் உயரத்தில் பலகை. கையை விரித்தாள். இடது பக்கம் கல். வலது பக்கம் கல். நடுவில் மட்டும் கல் இல்லை. ஒரு பெண் மல்லாந்து படுக்கிற அளவுக்கு, அவள் உயரத்துக்கு, அவள் அகலத்துக்கு, யாரோ அளந்து ஒதுக்கியது போல.

கத்தினாள். மூச்சு பலகையில் பட்டுத் திரும்பி வரவில்லை. பலகையில் நகத்தை ஊன்றிக் கீறினாள். கீறினாள். மேலே பேச்சு நின்றது.  அவர்களுக்குக் கேட்டிருந்தது.

"அது எலிடா" என்றது டூகலின் குரல்.

யாரோ ஒருவன் காலியான கோப்பையை அவள் பெயர் வெட்டிய கல்லின் மேல் டக்கென்று வைத்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.